உளைச்சலுக்கு பில் உண்டா?

'மன உளைச்சலுக்கு ரூ.5 லட்சம்' என்ற வரி இல்லாமல் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டால் வக்கீலுக்கே தூக்கம் வராது. ஓடாத ஃபிரிட்ஜுக்கு பில் இருக்கிறது, வாரண்டி கார்டு இருக்கிறது, உளைச்சலுக்கு? கவலை வேண்டாம். அலைக்கழித்தால் அதற்கும் இழப்பீடு உண்டு என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத புகாரை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். எழுதியவர் வாய்தா வாங்கிப் பழகாத மனிதர் போலும்!

வருஷங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஃபிரிட்ஜ் விலை வட்டியோடு, உளைச்சலுக்குப் பத்தாயிரம்.

"இந்த வராண்டா பெஞ்ச்சில் உட்கார்ந்து சேர்த்த உளைச்சலை எந்தக் கணக்கில் கேட்பது?" என்றார் மனுதாரர்.

"அப்பீலுக்கு 45 நாள் டைம் இருக்கு சார்" என்றார் வக்கீல்.