உம்ம்ம்: ஒரு முன்சக்கரத்தின் அளபெடை

ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள் ஆகிய பத்து மெய்களும் ஆய்தமும் குறிலுக்குப் பின்னால் நீண்டு ஒலிக்கலாம் என்கிறது நன்னூல். பெயர் ஒற்றளபெடை. பள்ளியில் படித்தபோது ‘ம்’ எப்படி நீளும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. நாற்பத்தைந்தாம் வயதில், சிகாமட்டிலிருந்து லாபிஸ் போகும் சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பிடிபட்டது: ‘உம்ம்ம்ம்’. குறிலுக்குக் கீழ், சொல்லின் கடைசியில், இலக்கணம் பிசகாமல். ஒலித்தது என் காரின் இடப்பக்க முன்சக்கர பேரிங்.

இவ்வொலியின் முதல் இயல்பு, வாகன உரிமையாளருக்கு மட்டுமே கேட்பது. சர்வீஸ் சென்டர் தம்பி இரண்டு சமிக்ஞை விளக்குகளுக்கு நடுவே 40-இல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “ஒன்னும் கேக்கலயேண்ணே, டயர் சத்தமா இருக்கும்” என்றார். டயர் சத்தம் ஸ்டியரிங்குக்குப் பணியாது, பேரிங் பணியும். காரை வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் சாயும், ‘உம்’ பருக்கும். இடப்பக்கம் திருப்பினால் மெலியும். நம்பாதவர்கள் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையால் சுருள்வில்லைத் தொட்டுப் பார்க்கலாம். நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. என்னுடையதில் யாரோ உள்ளே காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். முதல் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்பது மாதத்தில் இரண்டாவது போனது, அதையும் மாற்றினார்கள். மூன்றாவது நான்கே மாதத்தில் ‘ர்ர்ர்’ என்றது. ரகர மெய் அளபெடுக்காது என்பது விதி. ஆகவே இது பழுதின் எல்லையைத் தாண்டி இலக்கண மீறலாகிவிட்டது.

மூன்றாம் முறை போனபோதுதான் காரணம் தேடினார்கள், அதுவும் என்னிடத்தில். “வெள்ளத்துல ஓட்டுனீங்களாண்ணே?” சிகாமட்காரனிடம் கேட்கும் கேள்வியா இது? இந்த ஊரின் பெயரே ஒரு தண்ணீர்க் கதை. 1511-இல் மலாக்கா போர்ச்சுக்கீசியரிடம் விழுந்தபின் தப்பி வந்த பெண்டஹாரா (தலைமை அமைச்சர்), இங்கே ஆற்று நீரைக் குடித்துவிட்டு, அபாரமான புத்துணர்ச்சி என்ற பொருளில் ‘செகார் அமாட்’ என்றாராம். அதே ஆறு 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரி கடைசியிலும் 2023 மார்ச்சிலும் ஊரையே குடித்தது. இருந்தாலும் கேள்வியில் நியாயம் உண்டு. ஓடிச் சூடான சக்கரம் குளிர்ந்த நீரில் இறங்கினால் பேரிங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் வழியே நீரை உறிஞ்சும். கிரீஸ் பால்கோவா நிறத்துக்கு மாறும். பிறகு துருவும் ‘உம்’மும். ஆனால் 2023 வெள்ளத்தின்போது என் கார் வாங்கப்படவே இல்லை. இதைச் சொன்னதும் அடுத்த கருதுகோள் வந்தது: நிலநடுக்கம்.

தம்பி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆய்வாளனுக்கு விளையாட்டு ஏது? 2025 ஆகஸ்ட் 24 காலை சிகாமட் 4.1 அளவில் உண்மையாகவே ஆடியது. நிற்கும் காரின் பேரிங் அதிர்வால் கெடுமா என்றால், கெடும். 1930-களில் டெட்ராய்டிலிருந்து ரயிலில் ஏற்றி மேற்குக்கரைக்கு அனுப்பிய புதுக் கார்கள், சாலையில் ஓடாமலே பேரிங் பழுதாகி இறங்கின. பல நாள் குலுக்கலில் குண்டுகள் நின்ற இடத்திலேயே ஆடி ஆடிக் கிரீஸை விலக்கி, இரும்போடு இரும்பு தேய்த்துக் குழி பறித்திருந்தன. நம்மூர் நடுக்கமோ சில நொடி. அதோடு, ஆடியது நான்கு சக்கரமும். அழுதது ஒன்றே ஒன்று.

கடைசியில் “லோடு ஜாஸ்தி ஏத்திருப்பீங்க” என்றார். மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது 475-ஆவது குறள். உத்தரவாதத்தில் விலக்குவிதி எழுதுவதை வள்ளுவர் தொடங்கிவைத்துவிட்டார். நான் ஏற்றியது மனைவியும் டுரியான் பழங்களும். டுரியான் பருவம் மூன்று பேரிங் காலத்துக்கு நீளாது.

பேரிங்கின் வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வண்டி அச்சில் குண்டு வைக்க 1794-இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் காப்புரிமை பெற்றார். 1907-இல் சுவீடனின் ஸ்வென் விங்குவிஸ்ட் தானே கோணம் சரிசெய்துகொள்ளும் பேரிங்கைச் செய்தார். இருவருமே சிகாமட் வந்ததில்லை.

“இனிமே இது தேய்மானப் பொருள்” என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்தார்கள். 50,000 வெள்ளி வரையிலான வழக்குக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வக்கீலும் வேண்டாம். மனுப் பாரத்தை எடுத்து வைத்தேன். என்ன குறை என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. இரண்டு முறை பேரிங் மாற்றியவர்களும் சொல்லவில்லை, மாற்றிக்கொண்ட நானும் கேட்கவில்லை. கழற்றிய பேரிங்கைக் காட்டச் சொன்னால், “கம்பெனிக்கு அனுப்பியாச்சுண்ணே”. ஆய்வுலகில் இதற்குப் பெயர் சான்றழிப்பு.

எனவே மூன்றாவதை என் காசில் பழைய பட்டறையில் கழற்றினேன். சீனத் தவுக்கே அழுத்தி எடுத்ததும் உள்வளையம் தனியே வந்தது. கிரீஸை விரலால் வழித்துவிட்டு, டார்ச் அடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். குண்டு ஓடும் பாதையின் ஒரே விளிம்போரமாக, வட்டம் முழுக்க, சம இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். “இனி சாலா தெக்கான்” என்றார், தப்பாக அழுத்தியிருக்கிறார்கள் என்று. புது பேரிங்கைப் பொருத்தும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் அத்தனை பாரமும் குண்டுகள் வழியே போய்ப் பாதையில் பதியும். என் பேரிங் சாலைக்கு வருமுன்பே பட்டறையில் செத்திருக்கிறது.

அவர் நான்காவதைப் பொருத்தி, நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்காமல் டார்க் ரெஞ்சால் முடுக்கினார், ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை. மூன்றாவது பேரிங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இப்போது அது என் மேசையில், நன்னூல் பிரதி காற்றில் புரளாமலிருக்கக் கனமாக உட்கார்ந்திருக்கிறது. விரலால் சுழற்றினால் இன்னும் ‘ர்’தான்.