நான்கு காலில் வரும் பொங்கல் பரிசு

கேள்வி: கொரியாவின் சூசோக் அறுவடைத் திருநாளில் டப்பா இறைச்சியைப் பரிசாகத் தருகிறார்களாமே! நம்மூரில் அப்படி உண்டா? (வேப்பூர் வாசகர்)

பதில்: வேப்பூர்க்காரருக்கு டப்பா எதற்கு? பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு இறைச்சி நான்கு காலில் நடந்தே வந்துவிடுகிறதே!

அங்கே அந்த டப்பா கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையோடு வந்தது. பழைய மரபு சொங்பியோன். புது அரிசி மாவில் எள் பூரணம் வைத்து, அரைநிலாவாக மடித்து, பைன் இலை மேல் அவிப்பார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை!

நம் பக்கம் தலைப்பொங்கல் சீருக்கு ஈடு எதுவுமில்லை. புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மண் உதிராத மஞ்சள் கொத்து; பேருந்துக்குள் அடங்காத கரும்புக்கட்டு. அதைச் சுமந்து வரும் அப்பாவைத் தெருமுனையிலேயே கண்டு ஓடிவரும் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்பா தரும் சீர் போக, 2024-இல் தமிழக அரசு தந்த பொங்கல் தொகுப்பு: 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, 1,000 ரூபாய்.