பிளக் அண்ணன்

கோவைப் பக்கத்து பேக்கரிகளில் இவரைப் பார்க்கலாம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு ஸ்பேர் ஸ்பார்க் பிளக். வெளியே ஒரு ஆர்எக்ஸ் 100 பைக் சாய்ந்து நிற்கும். 1985-இல் வந்த அந்த வண்டியின் தயாரிப்பு 1996-இல் நின்றது. இதை அண்ணனிடம் துக்க வீட்டுக் குரலில்தான் சொல்ல வேண்டும்.

டீ வந்ததும் குடிக்க மாட்டார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிளக் முனை டீ நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். கருத்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், பிஸ்டன் எந்த நேரமும் ஜாம் ஆகலாம். "மாஸ்டர், மிக்சர் ரிச்சா இருக்குதுங்" என்று ஸ்ட்ராங் டீயைத் திருப்பி அனுப்புவார். மாஸ்டரும் பழகிவிட்டார். கொஞ்சம் பாலை ஊற்றி, "இப்ப பிளக் கலருங்ண்ணா" என்பார்.

ஆயில் பம்ப்பை அண்ணன் நம்புவதில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆயிலைத் தன் கையாலேயே டேங்கில் கலக்குகிறார். அளவுக்கு இருமல் மருந்து மூடி. அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் ஸ்பூன்தான்.

"ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒருக்கா வெடிக்கும். நம்ம டூ ஸ்ட்ரோக் சுத்துக்குச் சுத்து. சும்மா போற சுத்தே கெடையாதுங்" என்பார், காலையிலிருந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தபடி.

ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சரில் கரி அடையும். இழுவை குறைந்தால் உள்குழாயை உருவி வெந்நீர் அடுப்பில் சொருகிவிடுவார். அன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது 2டி ஆயில் வாசத்தோடு.

போன வாரம் என்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக் பேக்கரி வாசலில் நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து வந்தார். பெட்ரோல் காக்கை மூடினார். கார்பரேட்டரைப் பிரித்தார், ஜெட்டை வாயில் வைத்து ஊதினார், பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தார். எல்லாவற்றையும் மாட்டி இருபது உதை உதைத்தார். வண்டி முனகக்கூட இல்லை.

"காயில் போயிருச்சுங்" என்று தீர்ப்பு வந்தது.

டேபிள் துடைக்கிற பையன் எட்டிப் பார்த்தான். "அண்ணா, காக்க மூடுனீங்களே, தொறந்தீங்களா?"

திறந்ததும் ஒரே உதையில் நீலப் புகையோடு கிளம்பியது. அண்ணன் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார்.

"ஐடிலிங் கொஞ்சம் ஏறுதுங்."

ஸ்க்ரூ டிரைவர் எடுக்க அவர் குனிந்த நேரத்தில் நான் கியரைப் போட்டுவிட்டேன்.