ஜன்னல் வெச்சுப் பாரு

வூட்டக் கட்டிப் பாரு, கல்யாணத்தப் பண்ணிப் பாருன்னு சொல்லி வெச்சாங்க. சொன்னவங்க யாரும் கோயிலாண்ட குடியிருந்தவங்க இல்லடா பேராண்டி. இருந்திருந்தா மூணாவதா ஒண்ணு சேத்திருப்பாங்க. ஜன்னல் வெச்சுப் பாரு!

இளிக்காத. உனக்குத்தான் சொல்றேன். பொண்ணு எடுக்கிறது மாமல்லபுரத்துல. மாமனாருக்கு ஓட்டு வூடு, பாறைக் கோயிலுக்குப் பக்கத்துலயே. ஓட்டப் பிரிச்சுப் போட்டுட்டு மாடி எடுக்கலாம், வெள்ளக்காரனுக்கு ரூம்பு வுடலாம்னு செங்கத்துல ஒக்காந்துனு கணக்குப் போடுற. கணக்கு நல்லாத்தான் கீது. டேப்பு புடிச்சுப் பாத்தியா?

பழைய சின்னங்களக் காப்பாத்தணும்னு 1958ல ஒரு சட்டம் போட்டாங்க. 2010ல அத்த இன்னும் இறுக்கிட்டாங்க. மத்திய தொல்லியல் துறை கையில இருக்கிற சின்னத்தச் சுத்தி நூறு மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது. அதுக்கு மேல இன்னொரு இருநூறு மீட்டருக்கு, கேட்டுட்டுத்தான் கட்டணும். கோபுரத்துலருந்து அளப்பாங்கன்னு நெனச்சியா? அங்கதான் ஏமாந்த. சின்னத்துக்குன்னு போட்ட எல்லை எங்க முடியுதோ, அங்கருந்து டேப்பு ஆரம்பம். மாமல்லபுரத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை, பாறையில ஒரு குடைவரை. 1984ல யுனெஸ்கோகாரன் வேற உலகச் சொத்துன்னு எழுதிக்கிட்டான். அங்க ஒரு வட்டம் முடியுற எடத்துல அடுத்த வட்டம் நிக்கும். மீறிக் கட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள, இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும். தல தீபாவளிய எங்க கொண்டாடறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க.

அந்த ஊருச் சரிவுல வெண்ணெய் உருண்டைன்னு ஒரு பாறை நிக்குது பாரு, உருள்ற மாதிரியே. அத்த நிறுத்தினவன் எந்த எஞ்சினியருகிட்ட சான்று வாங்கினானோ!

சரி, மாடி வேணாம், ஒழுவுற கூரையையாவது மாத்தலாமா? மாத்தலாம். ரிப்பேருக்கு வழி வெச்சிருக்காங்க. ஆனா அந்த வூடு 1992 ஜூன் 16க்கு முன்னாடியே இருந்திருக்கணும். இல்லன்னா அப்புறமா அனுமதி வாங்கிக் கட்டினதா இருக்கணும். உன் மாமனாருக்குத் தாத்தா கட்டின வூடு. அது 92க்கு முன்னாடியே இருந்துதுன்னு யாரு சாட்சி? உத்தரத்துல கீற ஒட்டடையக் கூப்புட்டா வருமா? வரி ரசீது வேணும்டா, வரி ரசீது.

ரசீதோட மனு போட்டா, வாங்கின ஆபீசரு பதினஞ்சு நாளுக்குள்ள டில்லியில கீற தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்பணும். அவங்க ரெண்டு மாசத்துக்குள்ள சேதி சொல்லணும். சேதி வந்து ஒரு மாசத்துக்குள்ள இவரு உண்டு, இல்லன்னு சொல்லணும். ஆக மூணரை மாசம். அதுவும் ஏட்டுல கீற மாதிரியே நடந்தா. ஆவணியில போட்ட மனுவுக்குக் கார்த்திகை முடியச்சொல்ல பதில் வரும். நடுவுல பெய்யுற மழைக்கு யாரு சேதி சொல்றது? கரையானுக்கு இந்த விதியெல்லாம் படிச்சுக் காட்டலாம். கேட்டுக்குமா?

ஆபீசரத் திட்டறியா? திட்டு. கொஞ்சம் மிச்சம் வெச்சுக்க, உன்ன மாதிரி ஆளுங்களுக்கும் வேணும். ‘கூரை ஒழுவுது, பழுது பாக்கணும்’னு மனு எழுதுறது. அனுமதி வந்ததும் ராவோட ராவா கம்பி கட்டி மாடி எடுக்கிறது. எடுத்தப்புறம் ‘பழுதுதாங்க பாத்தேன், பாத்துனே இருக்கச்சொல்ல அது வளந்துடுச்சு’ங்கறது. நாலு பேரு இப்படிப் பண்ணா, நெசமாவே ஒழுவுற வூட்டுக்காரன் மனுவையும் அந்த ஆபீசரு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுத்தான் பாப்பாரு. ஆசைக்காரன் ஏழை வேஷம் போட்டான், ஏழை வரிசையில நிக்கிறான்.

இதுல வேடிக்கை கேளு. நூறு மீட்டருக்குள்ள ரோடு, பாலம்னு பொது வேலையும் கூடாதுன்னு எழுதி வெச்சு, சர்க்காரே தன் வலையில தானே வுழுந்துச்சு. ‘எங்களுக்கு மட்டும் வுட்டுடுங்க’ன்னு 2018 ஜனவரில மக்களவையில ஒரு மசோதாவ நிறைவேத்தினாங்க. மாநிலங்களவையில நின்னுது, சட்டமாவாமலே பூட்டுது. நாட்ட ஆள்றவங்களுக்கே கெடைக்காத சலுகை உன் ரூம்புக்குக் கெடைக்கணுமாம்!

இங்க திருவண்ணாமலையில நடந்தது உனக்கு நெனவிருக்காது. 2002ல அண்ணாமலையார் கோயில மத்திய தொல்லியல் துறை எடுத்துக்கப் போவுதுன்னு அறிவிப்பு வந்துச்சு. ஊரே கொதிச்சிடுச்சு. கோர்ட்டு வரைக்கும் போயி, கடைசில துறைக்காரங்களே வுட்டுட்டாங்க. பூசை என்னாவும், ஆகமம் என்னாவும்னு மேடையில பேசினாங்க. மாட வீதியில வூடு வெச்சிருந்தவன் மனசுல ஆகமம் மட்டுமா ஓடியிருக்கும்? நூறு மீட்டரும் ஓடியிருக்கும்டா.

அதுக்குன்னு சட்டமே வேணாம்னு சொல்லாத. நம்ம ஊரச் சுத்தி மாடு மீக்கப் போயி செத்தவனுக்கெல்லாம் கல்லு நட்டிருக்காங்க. 1972ல தொல்லியல் அறிஞரு நாகசாமி ‘செங்கம் நடுகற்கள்’னு புஸ்தகமே பதிப்பிச்சாரு. எடுத்தனூர்ல ஒரு கல்லு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். வீரனோட அவன் நாயும் நிக்குது. கோவிவன்னு பேரு. ரெண்டு கள்ளனக் கடிச்சுதுன்னு கல்லுலயே எழுதிக்கீது. இன்னிக்கி உன் பேரு எதுலயாவது எழுதிக்கீதா? நம்மாளுங்க இந்த மாதிரிக் கல்ல வேடியப்பன்னு சொல்லிப் பொங்க வெச்சாங்க, அதனால தப்பிச்சுது. கும்புடாதவன் ஒருத்தன் வந்தா, அத்தப் பேத்து மாட்டுக் கொட்டாயிக்கு வாசப்படியாப் போட எவ்ளோ நேரமாவும்? அந்த ஒருத்தனுக்காகத்தான் ஊருக்கே கயிறு கட்டிக்கீது.

கயிறு இல்லாத எடத்துல மட்டும் நீ என்னா கிழிச்ச? செங்கத்து வூட்டுக்கு வெள்ளயடிக்க, ஓடு மாத்த, தரை போட யாரையும் கேக்க வேணாம்னு 2019 கட்டட விதியே சொல்லுது. 2024 ஜூலையிலருந்து, 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வூடு கட்ட, ‘விதிப்படி கட்டுறேன்’னு நீயே சான்று சொல்லி கம்ப்யூட்டர்ல அனுமதி வாங்கிக்கலாம். இவ்ளோ சௌகரியம் இருந்தும் நீ என்னா பண்ண? எலிவேஷன்னு நாலு தூண நட்ட. அது எதத் தாங்குதுன்னு மேஸ்திரியக் கேட்டேன், அவன் வானத்தப் பாத்தான். உங்கப்பன் கட்டின திண்ணைய இடிச்சு கார் நிறுத்த எடம் பண்ண. கார் எங்கடா?

போவட்டும். மாமல்லபுரத்துக்கு மனு எழுதறதா இருந்தா உள்ளத எழுது. ‘ஓடு ஒடஞ்சிருக்குது, அதே மாதிரி ஓடு போடப் போறேன்.’ ரெண்டு வரி போதும். மாடிங்கற பேச்சே எடுக்காத, மனசுலயும் எடுக்காத. ரசீதுக்கு மாமனாரக் கேக்காத. ‘எல்லாம் பத்திரமா கீது’ன்னு மீசையத் தடவுவாரு. எந்த டிரங்குப் பொட்டி, எந்தப் பொடவைக்கு அடியிலன்னு மாமியாருக்குத்தான் தெரியும். போவச்சொல்ல வெத்தல பாக்கு வாங்கினு போ.