மாரீசனுக்கு ஒரு வாழைப்பழம்

என் பெறாமகள் போனில் வாசிக்கும் நாவல்களில் எப்போதும் ஒரு பிரபு வருவார். பகலில் மனிதர், பௌர்ணமிக்கு ஓநாய். அவரைக் காதலிக்கிறவளுக்கு 300 பக்கம் போனாலும் ஒரு சந்தேகம் வராது. கோட்டெல்லாம் மயிர், இரவானால் ஊளை. இவளோ "பாவம், தடிமன் போல" என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள். இதற்குப் பிள்ளை மாதாமாதம் காசு கட்டுகிறாள். திருகோணமலையில் பிறந்தவள் ஆவியையும் மந்திரத்தையும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்வதா? எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கட்டிய கோட்டைக்குள்ளால்தான் பாதை. வாசல் தாண்டினதும் புள்ளிமான்கள். மாரீசன் மானாக மாறித்தான் சீதையை ஏமாற்றினான் என்பது இந்த மான்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. ஒன்றுக்கும் முகத்தில் கூச்சமில்லை. அர்ச்சனைத் தட்டு வாங்கிய கடைவாசலிலேயே ஒரு கொம்பன் எங்களோடு சேர்ந்துகொண்டது. பிள்ளை செல்ஃபிக்குச் சிரித்த நேரம் அது வாழைப்பழத்தைத் தோலோடு முடித்து, வெற்றிலையையும் மென்று, ஊதுபத்திப் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு எங்களையே குறை சொல்வது மாதிரி நின்றது.

"சின்னம்மா, இது மனுசனா மாறுமோ?"

"மாறினா வாடகை கேட்கும் பிள்ளை. வா."

கோயிலடியில் இராவணன் வெட்டு. தாய் கும்பிடுவதற்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தவன் வாளால் போட்ட வெட்டாம். அதே இராவணன்தான் சந்நியாசி வேடத்தில் சீதையிடம் பிச்சை கேட்டுப் போனவன். அவனுக்குரிய பதிலடி பக்கத்திலிருக்கும் கன்னியாவில் கிடைத்தது. விஷ்ணு கிழவர் வேடத்தில் வந்து "உன் தாய் செத்துப்போனா" என்று பொய் சொல்ல, அந்தியேட்டிக்குத் தண்ணீர் தேடி இவன் நிலத்தில் குத்திய குத்துகள்தான் ஏழு வெந்நீர்க் கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு. கோபம் ஆறிக்கொண்டு வந்திருக்கும்.

காதல் எங்கே என்று பிள்ளை கேட்டாள். மலையுச்சியைக் காட்டினேன். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போக, அங்கிருந்து கடலில் குதித்தாள் என்று ஊர் சொல்கிறது. 1687ஆம் ஆண்டைப் பொறித்த தூணும் உண்டு. இடத்துக்குக் 'காதலர் பாய்ச்சல்' என்றே பெயர். ஒரேயொரு சிக்கல்: ஒல்லாந்தர் ஆவணங்களின்படி அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து, கல்யாணமும் கட்டியிருக்கிறாள். வளர்த்த தகப்பன் ஹென்ட்ரிக் வான் ரீட், மலபார்ச் செடிகொடிகளை 12 பாகங்களில் எழுதி வைத்தவர். இலையின் நரம்பைக்கூட விடாத மனுசன், மகள் மலையிலிருந்து விழுந்தால் குறிக்காமலா விட்டிருப்பார்? ஆனாலும் ஊர் அவளை விடுவதாயில்லை. புருசனோடு குடும்பம் நடத்தியவளைப் பார்க்க யார் படியேறுவார்கள்? வழிகாட்டிகளின் புண்ணியத்தில் அவள் இன்றைக்கும் தினம் பாய்கிறாள். சுற்றுலாக் காலமென்றால் இரண்டு மூன்று தரம்.

சோகம் வேண்டாம் என்றாள் பிள்ளை. சரி, ஆடகசவுந்தரியை எடுப்போம். மட்டக்களப்பு மான்மியத்தில் வருகிறவள். குழந்தையாகப் பேழையில் கடலில் மிதந்து வந்து, வளர்ந்து அரசியானவள். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்யக் குளக்கோட்டன் என்ற அரசன் வந்தான் என்று கேள்விப்பட்டதும், கட்டுகிற கல்லையெல்லாம் கடலில் தள்ளிவிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள். கந்தளாய்க் குளத்தைப் பூதங்களை வைத்து வெட்டினார்கள் என்பது ஐதீகம். பகை, காதல், மந்திரம், நீர்ப்பாசனம்! இங்கிலாந்துப் பிரபுக்களில் எவன் ஒரு குளம் வெட்டியிருக்கிறான்?

பிள்ளை உடனே போனை எடுத்துத் தேடினாள். அவள் காசு கட்டும் இடத்தில் ஆடகசவுந்தரி இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டு பிரதி, முழு விலைக்கே வாங்குகிறேன். அட்டையில் மட்டும் ஓநாய் வேண்டாம். கோட்டைக்கு வருகிறவர்கள் பொலித்தீன் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். மாரீசனின் ஆட்கள் அதையும் தின்கிறார்கள்.