ஆன்லைன் அண்ணாச்சி

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் இவரைத் தாண்டாமல் போக முடியாது. நெற்றியில் திருநீறு, காதிடுக்கில் பேனா, சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று சொந்தபந்தத்துக்கு. இன்னொன்று ஆர்டர் வந்தால் கத்துவதற்கு. அது கத்தியதும் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கல்லாவிலேயே போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். மீதிப் பணத்துக்குக் கை நீட்டியவர் நீட்டியபடியே நிற்பார்.

அப்பா காலத்திலிருந்து அல்வா, மிக்சர், முந்திரிக்கொத்து, கருப்பட்டி வியாபாரம். 2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வீடு திரும்பிய மகன், பூட்டிக் கிடந்த கடையைப் பார்த்து இணையக் கடை ஒன்றைத் திறந்தான். "ஆளே வராம என்னல யாவாரம்?" என்றார் அண்ணாச்சி. சில நாளில் ஓசூரிலிருந்து அல்வாவுக்குப் பணம் வந்து விழுந்தது. ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்காமல், விலையைக் குறைக்கச் சொல்லாமல் ஒருவன் முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்புவானா? ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு, விசாரிக்கப் போன் போட்டார்.

அன்று தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை.

"அல்வா கேட்டிருக்கியள்லா, நெல்லையிலேருந்து பேசுதேன். உங்களுக்கு எந்த ஊரு பக்கம்?"

"அம்பாசமுத்திரம் அண்ணாச்சி. இப்ப பெங்களூர்ல இருக்கேன்."

"அம்பையில எங்க?"

தெரு வரும், தாத்தா பெயர் வரும், கடைசியில் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டது வரை வந்துவிடும். போனை வைத்ததும் பொட்டலத்தில் நூறு கிராம் ஓமப்பொடி இலவசமாகச் சேரும். இங்கேதான் மகனுக்கு வயிறு எரியும். அரைக் கிலோ அல்வா, கால் கிலோ மிக்சர், பெட்டி, டேப் எல்லாம் ஒரு கிலோவுக்குள் அடங்கும்படி அவன் கணக்குப் போட்டு வைத்திருப்பான். கூரியர்க்காரர்கள் அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் கட்டணத்தை ஏற்றுவார்கள். நூறு கிராம் பாசம் பெட்டியை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். லாபம் ஓமப்பொடியோடு ஊர் போய்ச் சேரும்.

மகன் பிறகு சரக்கை ஏற்றிய பெரிய சந்தைத் தளங்களில் இந்த விசாரிப்புக்கு வழியில்லை. வாங்குகிறவரின் நம்பரைக் கடைக்காரர் கண்ணில் காட்ட மாட்டார்கள். "பொண்ணு வீடு எதுன்னு சொல்லாம நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்கச் சொல்லுதான்வே" என்று நொந்துகொள்வார். ஜிஎஸ்டியும் சேர்ந்துகொண்டது. வருஷம் 40 லட்சம் வரை விற்றால் பதிவு வேண்டாம் என்ற சலுகை கல்லாவில் விற்பவருக்குத்தான். இப்படிப்பட்ட தளத்தில் ஒரு பாக்கெட் விற்றாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபரில் சின்ன வியாபாரிகளுக்குத் தளர்வு வந்தது, சொந்த மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். அண்ணாச்சியின் அல்வா போவதோ பெங்களூருக்கு.

சரக்குக் கணக்கு தனிக் கூத்து. கணினியில் உடன்குடிக் கருப்பட்டி மூன்று பாக்கெட் இருக்கும், அலமாரியில் ஒன்றும் இருக்காது. "எப்பா, அது ஆர்டருக்கு எடுத்து வச்சதுல்லா!" என்று மகன் கத்தினால், "முன்னால நிக்கவனுக்கு இல்லன்னு சொல்லிட்டு, போனுக்குள்ள இருக்கவனுக்கு எடுத்து வைக்கச் சொல்லுதியால?" என்பார். நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை.

அல்வாவோடு பத்தமடைப் பாயையும் போடலாம் என்பது மகனின் யோசனை. தாமிரபரணிக் கரைக் கோரை, புவிசார் குறியீடு, படம் பிரமாதம். பாயைச் சுருட்டிப் பெட்டியில் போட்டால் நீளம் 125 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் பன்னிரண்டு பன்னிரண்டு. இவற்றைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவது தராசைவிட அதிகமானால் அதுதான் எடை என்பது கூரியர் சட்டம். தராசில் ஒன்றரைக் கிலோகூடத் தேறாத பாய் ரசீதில் 3.6 கிலோ ஆனது. "மிச்சம் என்னவே?" "இடம் அண்ணாச்சி." "காத்துக்கா காசு கேக்கிய?"

விமர்சனம் எழுதுகிறவர்கள் இன்னொரு ரகம். "ருசி பிரமாதம். ஆனால் கூரியர் பையன் பெல் அடிக்கவில்லை": ஒரு நட்சத்திரம். "நெய் அதிகம், கையில் வழுக்குகிறது": இரண்டு நட்சத்திரம். இதற்கு மட்டும் அண்ணாச்சி தன் கையாலேயே பதில் எழுதினார். சம்பா கோதுமையை ஊறவைப்பதிலிருந்து, பால் பிழிந்து, புளிக்கவைத்து, நெய் பிரியும்வரை கிண்டுவது ஈறாக எழுதி, 'வழுக்காட்டா அதுக்குப் பேரு களி' என்று முடித்திருந்தார். மகன் கடைசி வரியை மட்டும் அழித்தான்.

இத்தனைக்கும் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை என்ற அல்வாக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, சாயங்காலம் சில மணி நேரம்தான் வியாபாரம், வரிசை மட்டும் தெருவில் நீளும். 'நமக்கும் பலகையைக் கழற்றினால் என்ன' என்ற எண்ணம் அண்ணாச்சிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஆனித் தேரோட்டத்தன்று கூட்டத்தில் கூரியர் வண்டி ரத வீதிக்குள் நுழைய முடியாமல், தாமதத்துக்கு அபராதம் என்று போன் கத்தும்போது வரும்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளத்தில், தாமிரபரணி நெல்லை ஜங்ஷன் வரை வந்து நின்றபோதும் போன் கத்தியது. அன்று அபராதச் செய்திகளுக்கு நடுவே வேறு அழைப்புகளும் வந்தன. சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, துபாயிலிருந்து. "பார்சல் கிடக்கட்டும் அண்ணாச்சி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா?" ஓமப்பொடி வாங்கியவர்கள். மகன் அதற்கப்புறம் எடையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

போன மாதம் நான் கடையில் நின்றபோது பக்கத்துப் பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். சூடாக நூறு கிராம் அல்வாவை இலைத்துண்டில் வாங்கி விழுங்கி, கை நிறைய மிக்சரும் போட்டுக்கொண்டு, அரைக் கிலோ பார்சல் சொன்னார். விலை கேட்டதும் போனை எடுத்தார்.

"இதுல கூப்பன் போட்டா பத்து சதவீதம் கழியுதே."

"அது வெளியூர்க்காரங்களுக்குவே."

"எனக்கும் கழியுதே!" என்று கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே ஆர்டர் போட்டார். "டெலிவரிக்கு நாப்பது ரூபா வேற காட்டுது. நான் இங்கனதான நிக்கேன், அதையும் கழிச்சிருங்க."

அண்ணாச்சியின் போன் கத்தியது. கை தன்னால் ஆர்டரில் இருந்த நம்பரை அழுத்தியது. எதிரே நின்றவரின் பையில் மணி அடித்தது. அவரும் எடுத்துக் காதில் வைத்தார்.

"அல்வா கேட்டிருக்கியள்லா. எந்த ஊரு பக்கம்?"

"பேட்டைதான் அண்ணாச்சி."

"பேட்டையில எங்க?"