நிதி கேட்போர் பக்கம்

கே: எங்கள் டிரஸ்ட் சார்பில் 20 பக்க புரபோசல் தயாரித்து 40 கம்பெனிகளுக்கு அனுப்பினோம். ‘வந்து சேர்ந்தது’ என்றுகூட ஒருவரும் பதில் போடவில்லை. எழுத்தில் என்ன குறை?
– டிரஸ்ட் செயலாளர், மன்னார்குடி

ப: எழுத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்பதில் குறை இருக்கிறது. நாற்பது பேருக்கும் ஒரே வாசகம் போனால் அது கல்யாணப் பத்திரிகை. மொய் வரும், ஃபண்ட் வராது.

யார் கொடுப்பார்கள் என்று தேடிவிட்டு அப்புறம் எழுத உட்காருங்கள். மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) இணையதளத்தில் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவழித்தது என்று ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. போர்டு ஒப்புதல் தந்த சி.எஸ்.ஆர். திட்டங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று கம்பெனிகளுக்கு விதியே உண்டு. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஏற்கெனவே உதவிக்கரம் நீட்டியிருப்பவர்களை மட்டும் வட்டமிடுங்கள். நாற்பது, நாலாகிவிடும். அந்த நாலு பேருக்கும் தனித்தனியாக இரண்டு பக்கம் எழுதினால் போதும். மிச்சம் 18 பக்கத்தை அவர்கள் கேட்கும்போது கொடுக்கலாம்.

கே: கம்பெனிகள் இப்படிக் கொடுப்பது தர்ம சிந்தனையாலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பழனி

ப: சட்ட சிந்தனையால். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்கு என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. உங்கள் திட்டம் அந்த அட்டவணையின் எந்த வரியில் உட்காரும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சி.எஸ்.ஆர். மேனேஜருக்கு ஒரு வேலை மிச்சம். அவரும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தானே!

கே: டிரஸ்ட் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. கம்பெனி நிதி கேட்கலாமா?
– இளைஞர் மன்றத்தினர், திண்டிவனம்

ப: கேட்கலாம், கிடைக்காது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளோடு, அதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்வது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அந்த மூன்று ஆண்டு ஆகும்வரை ஊர்க்காரர்களிடம் வாங்குங்கள், ரசீதோடு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு 80ஜி வரிச் சலுகை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பிறகு திட்டு வாங்க வேண்டாம்.

கே: ‘வறுமையில் வாடும் ஏழை எளிய மக்களின் வாழ்வில் ஒளியேற்றும் உன்னத நோக்கத்துடன்...’ என்று ஆரம்பிக்கலாமா?
– கவிஞர், சிவகாசி

ப: ஆரம்பிக்கலாம். மேடையில்.

கே: சரி, வேறு எப்படித்தான் எழுதுவது? நாங்கள் நடத்துவது மாலை நேரப் படிப்பு மையம்.
– மைய ஒருங்கிணைப்பாளர், அரூர்

ப: ‘எங்கள் பகுதியில் கல்வித்தரம் குறைவு’ என்று நீங்கள் எழுதுவீர்கள். இதையே நூறு பேர் எழுதியிருப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு நாள் சாயங்காலம் உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் அமைப்பு 2005இலிருந்து நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில் இதைத்தான் செய்கிறார்கள். அந்த வாசிப்புத் தாள் தமிழிலும் உண்டு. 60 பேரில் 25 பேர்தான் வாசித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரிதான் உங்கள் புரபோசலின் உயிர். பிரச்சினை என்ன, யாருக்கு, எந்த அளவில் என்ற மூன்றுக்கும் அதிலேயே பதில் வந்துவிட்டது.

அடுத்து, என்ன மாறும் என்று எழுதுங்கள். ‘60 பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கப்படும்’ என்பது செலவு. ‘மார்ச் மாதம் அதே தாளை வைத்தால் 45 பேராவது வாசிப்பார்கள்’ என்பது பலன். நிதி கொடுப்பவர் வாங்க வருவது இரண்டாவதை. ‘அறுபது பேரும்’ என்று மட்டும் போடாதீர்கள். போட்டால், நீங்கள் பிள்ளைகளோடு பழகியதே இல்லை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்விக்கும் தயாராகப் போங்கள்: ‘அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021இலேயே வந்துவிட்டதே, நீங்கள் எதற்கு?’ தமிழ்நாட்டில் படிப்பு மையத்துக்கு நிதி கேட்கிற யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. நம் மையம் என்ன கூடுதலாகச் செய்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், புரபோசலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை யோசியுங்கள்.

கே: எப்படியும் குறைப்பார்கள். பட்ஜெட்டில் இரண்டு மடங்காகப் போட்டுவிட்டால்?
– அனுபவசாலி, ஆரணி

ப: லேப்டாப் விலை அவர்களுக்கும் தெரியும். ‘இதர செலவுகள் – 2,00,000’ என்று உருண்டையாக ஒரு வரி போட்டீர்களானால், சிவப்புப் பேனா முதலில் அங்கேதான் இறங்கும். ‘ஆசிரியர் 6 பேர் × மாதம் 3,000 × 10 மாதம் = 1,80,000’ என்று விரித்து எழுதினால் குறைப்பது கஷ்டம். யாருடைய சம்பளத்தில் கை வைப்பார்கள்?

நம் சின்ன அமைப்புகளுக்கு எதிர்வியாதியும் உண்டு. கணக்கெழுதுகிறவர் சம்பளம், ஆடிட்டர் ஃபீஸ், வாடகை எதையும் கூச்சப்பட்டுப் போடமாட்டார்கள். பிறகு செயலாளர் வீட்டு நகை அடகுக்குப் போகும். ‘நிர்வாகச் செலவு 5 சதவீதம்தானே’ என்று யாராவது சொன்னால், அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலைகளை நிர்வகிக்க ஆகும் செலவுக்கானது என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் டாலர் அனுப்பத் தயார். வாங்கலாமா?
– அண்ணன், கும்பகோணம்

ப: தம்பி கையில் எந்த பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், தீபாவளிக்குத் தவறாமல் ஊருக்கு வந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. பதிவுக்கு, அமைப்பின் மூன்று ஆண்டு வயதும், அந்தக் காலத்தில் 15 லட்ச ரூபாய் பணிச் செலவும் காட்ட வேண்டும். பணம் வந்து இறங்குவது ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளையில். நிர்வாகச் செலவு 50 சதவீதம்வரை போகலாம் என்றிருந்ததை 2020 திருத்தத்தில் 20 ஆக்கிவிட்டார்கள்.

கே: சாட்ஜிபிடி அருமையாக ஒரு புரபோசல் எழுதித் தந்துவிட்டது!
– டெக்னாலஜி பிரியர், ஓசூர்

ப: உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவருக்கும் அதையேதான் எழுதித் தந்திருக்கிறது.

கே: ஒருவழியாக நிதி கிடைத்துவிட்டது. இப்போது என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ப: வாழ்த்துகள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, செலவுச் சான்றிதழை அவர்கள் கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள். மேலே சொன்ன படிப்பு மையம்போல 60இல் 45 என்று சொல்லிவிட்டு 38தான் வந்திருந்தால் 38 என்றே எழுதி, ஏன் குறைந்தது என்பதையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டு நிதிக்கு அவர்கள் எடுத்துப் பார்ப்பது புரபோசலை அல்ல, இந்த அறிக்கையைத்தான்.